மஞ்சள் அலகு

ஏன்யா, பேரு கூடப் போடாம ஒளிஞ்சுக்கிட்டு ஒரு வரி எழுதிட்டுப் போனியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்கா?

என் வீட்டுக்காரி லூர்துராணி அந்த வலைப்பூவை ஆரம்பிக்க எத்தனை மாசம் தயங்கினா தெரியுமா? ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்ததிலிருந்து கொள்ளிடக் கரையில நின்னு பறவை பார்ப்பா. பேரு கத்துக்கணும்னு அவ்வளவு ஆசை.

"எழுதினாத்தாங்க மனசுல நிக்குது. ஆனா அரைகுறையாக் கத்துக்கிட்டு, நாலு பேரு படிக்கிற இடத்துல எழுதலாமா?"

"மன்னார்புரத்துல நான் பழைய ஃப்ரிட்ஜ் கடை போட்டப்ப, கம்ப்ரசர் எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியாது. போடுடி!"ன்னு கத்தினேன்.

ஒரு வெள்ளைக் கொக்குப் படத்தோட, 'சின்னக் கொக்கு'ன்னு பேரு எழுதிப் போட்டா. சொந்தக்காரங்க எல்லாம் 'சூப்பர்', 'அருமை அக்கா'ன்னு குவிச்சாங்க. கடைசியில நீ:

'இது சின்னக் கொக்கு இல்லை. உண்ணிக்கொக்கு. அலகைப் பாருங்கள், மஞ்சள்.'

அவ முகம் செத்துப்போச்சு. போனைக் கவுத்து வச்சுட்டா.

"எவன்டி அவன்? ஆளைக் காட்டு, நான் பேசிக்கிறேன்!"

"சும்மா இருங்க."

சாயந்தரம் கொள்ளிடத்துக்கு ஓடினா. பின்னாடியே போனேன். மாட்டுக்குப் பக்கத்துல நின்ன கொக்கை எட்டி எட்டிப் பார்த்தவ, சின்னப் புள்ளையாட்டம் என் கையைப் பிடிச்சு இழுத்தா.

"ஏங்க, மஞ்சள்தாங்க!"

அன்னைக்கே திருத்தி எழுதினா. அப்புறம் மீன்கொத்தி, நீர்க்காகம்னு எழுதிக்கிட்டே இருந்தா. 'சூப்பர்' வந்துச்சு. நீ வரலை.

"அவரைக் காணோமேங்க."

"விட்டது தொல்லை! மத்தவங்க பாராட்டுறாங்கல்ல?"

"அவங்க யாரும் கொக்கைப் பார்க்கலைங்க. அவர் ஒருத்தர்தான் அலகு வரைக்கும் பார்த்தாரு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டு நடக்கிறவன் என் கடையில ஒருநாளும் வாங்கினதில்லை. கதவு தொங்குது, ரப்பர் போச்சுன்னு குடைஞ்சு எடுக்கிறவன்தான் கடைசியில வண்டி கொண்டாருவான்.

நேத்து புதுசா ஒண்ணு போட்டிருந்தா. பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"ராணி, இது மைனாடி! எனக்கே தெரியுது. குயில்னு எழுதியிருக்க?"

"தெரியுங்க."

"தெரிஞ்சா மாத்த வேண்டியதுதானே?"

"மாத்த மாட்டேன்." போனைக் கீழ வைக்காம மெதுவாச் சொன்னா: "இதைப் பார்த்தா அவரால சும்மா இருக்க முடியாதுங்க."

யோவ், எங்கய்யா இருக்க? அத்தனை சொந்தக்காரனும் 'குயில் சூப்பர்'னு போட்டுட்டுப் போயிட்டான். ராத்திரி சோறு கூட எறங்காம போனையே பார்த்துக்கிட்டிருக்கா.

சீக்கிரம் வந்து அந்தத் தப்பைத் திருத்துய்யா!