போல்ட்டில் ஒரு சிவப்புப் பொட்டு

அவள் நகத்தில் இருந்த அதே சிவப்பு, காரின் எஞ்சின் போல்ட்டுகளின் தலையிலும் இருந்தது. ஷோரூம் சர்வீஸ் அட்வைசர் டார்ச் அடித்துக் காட்டியபோது, அவள் கணவர் முதலில் போல்ட்டைப் பார்த்தார். அப்புறம் அவள் கையைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க முறுக்கினா மஞ்சள் பெயின்ட்லதான் குறி வைப்பாங்க சார். இது நெயில் பாலிஷ். வெளி மெக்கானிக் யாரோ பிரிச்சிருக்கார். இனிமே இந்த எஞ்சினுக்கு வாரண்டி கிடையாது."

சற்று முன்பு காபியா டீயா என்று கேட்ட அதே குழைவோடுதான் இதையும் சொன்னார் அட்வைசர்.

கணவருக்கு ரத்தம் தலைக்கேறியது. நெயில் பாலிஷால் குறி வைக்கிற மெக்கானிக் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான். அவள் தம்பி. அக்கா பாதி பூசிவிட்டுத் தருகிற பாட்டில்களை வைத்துக்கொண்டு, முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டுக்கும் பொட்டு வைத்தால்தான் அவனுக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

பழைய கார் இருந்தவரை அவன் ஷெட்டில்தான் விட்டார்கள். இந்தப் பெரிய காரை வாங்கியபோது, "இதையும் நானே பாத்துக்கறேன் மாமா" என்று ஆசையாய் போன் செய்தான். "உன் கிரீஸ் கையால இதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றார் மாமா. அன்றோடு அவன் அக்கா வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

"நான் ஊர்ல இல்லாத வாரம் பாத்து உன் தம்பிகிட்ட விட்டிருக்கே. அப்படித்தானே?"

"சத்தியமா இல்லைங்க. அவன் இந்த வண்டியைக் கண்ணால பாத்ததுகூட இல்லை. போன மாசம் ஆயில் ஒழுகுதுன்னு நீங்கதானே இங்க விட்டீங்க? அதுக்கப்புறம் நான் சாவியையே தொடலை."

"அப்போ பேய் வந்து பொட்டு வெச்சுதா?"

சோபாக்களில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளைவிட, எவனோ அடித்த டார்ச் வெளிச்சம் இவருக்குப் பெரிதாகப் போய்விட்டதே என்று ஆத்திரமாக வந்தது.

கிளம்பும்போதும் கணவரின் வாய் ஓயவில்லை. காரின் முன்னால் நின்று அட்வைசர் மீது பாய்ந்தார்.

"போன தடவை வண்டி எடுத்தப்பவே சொன்னேன், நம்பர் பிளேட் கோணலா நிக்குதுன்னு. அதை நிமிர்த்தத் துப்பில்லை, வாரண்டி பேச வந்துட்டீங்க!"

"கழுவும்போது அசைஞ்சிருக்கும் சார்" என்றார் அட்வைசர், பல்லைக் காட்டிக்கொண்டு.

கார் நேராகத் தம்பியின் ஷெட்டுக்குத்தான் போனது. வழி நெடுக அவர் திட்டினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தகரக் கூரைக்குக் கீழே, ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான் தம்பி. அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"வெளிய வாடா திருட்டுப் பயலே!"

ஸ்பானரோடு எழுந்து வந்தவன், அக்காவைக் கண்டதும் ஒரு நொடி சிரித்தான். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"மரியாதையா பேசுங்க மாமா. தொடாதேன்னு சொன்ன நாள்லேர்ந்து உங்க தெருப் பக்கம்கூட நான் வரலை."

கணவர் பானெட்டைத் திறந்தார். "குனிஞ்சு பாரு. இது யார் வெச்ச பொட்டு?"

தம்பி குனிந்தான். சிவப்புப் பொட்டை விரலால் தடவினான். அடுத்த போல்ட்டைப் பார்த்தான். அதற்கும் அடுத்ததைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது.

"நான் வெச்சதுதான்."

"கேட்டியா? உன் தம்பி வாயாலேயே கேட்டியா?" கணவர் பின் சீட்டிலிருந்த அவள் கைப்பையை எடுத்து, கிரீஸ் படிந்த தரையில் வீசினார். "இங்கயே இருந்துக்கோ. கூசாம சத்தியம் பண்றவளுக்கு என் வீட்ல இடமில்லை."

அவள் பையை எடுக்கவில்லை. தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். புருஷன் மேல் அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் இப்போது தம்பி மேல் பாய்ந்தது.

"எப்படா தொட்டே? யாரைக் கேட்டுத் தொட்டே? வாயைத் திறந்து சொல்லுடா, என் குடும்பமே போகுதுடா!"

தம்பி அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் காரின் முன்பக்கம் போனான். கோணலாக நின்ற நம்பர் பிளேட்டைக் கட்டை விரலால் அழுத்தி நிமிர்த்தினான். இப்போது அவன் முகமும் சிவந்திருந்தது.

"போன மாசம் ஷோரூம்காரங்க நம்பர் பிளேட்டைக் கழட்டிட்டு என்கிட்ட வேலைக்கு அனுப்பின வண்டி உங்களுதா மாமா?"