எழுபத்துமூன்றாம் பாட்டின் கார்ட்

சபையின் பாட்டுப் புத்தகத்துக்கு கிட்டார் கார்டுகள், அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளின் பெயர்கள், எழுதித்தர வந்த ஜெனிட்டா, எழுபத்துமூன்றாம் பாட்டை என் தம்பி ரூஃபஸ் வாசித்த பழைய கேசட்டை நான்காவது முறையாக நிறுத்தினாள்.

"இந்த இடம் தப்பா வாசிச்சிருக்காரு ஐயா. மேஜரும் இல்ல, மைனரும் இல்ல. சும்மா டி-ன்னு போட்டுடட்டுமா?"

"எங்க வீட்ல எவனும் தப்பா வாசிச்சதில்ல. அதுக்குப் பேரு கண்டுபிடி. இல்லன்னா பாட்டையே எடுத்துரு."

"எந்த விரலுக்கும் எட்டலையே. உங்க தம்பிக்கு என்ன, ஏழெட்டு விரலா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ரூஃபஸ் செய்வதுபோல முதல், இரண்டாம், ஆறாம் கம்பிகளைத் தளர்த்தச் சொன்னேன். தளர்த்திவிட்டு, நான்காம் கம்பியில் ஒரே ஒரு விரலை வைத்து மீட்டினாள். கேசட்டில் கேட்ட அதே ஒலி எழுந்தது. அவள் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கணக்குப் போட்டாள்.

"டி சஸ் ஃபோர் ஆட் நைன்! பேரு இருக்கு ஐயா. ஆனா கம்பிகளோட ட்யூனிங்க ஏன் மாத்தினாருன்னு கீழ ஒரு குறிப்பு போடணும். இல்லன்னா வாசிக்கிறவங்க தப்புன்னுதான் நினைப்பாங்க."

ஐம்பது வருடங்களாக அவன் கையைப் பற்றி ஊருக்கு நாங்கள் சொன்னது லாரி விபத்து.

"எழுது," என்றேன். "இடக்கையில ஒரு விரல்தான் மடங்கும். கிட்டார வீட்டுக்குள்ள கொண்டுவந்த அன்னைக்கு, அவன் கைமேல கதவச் சாத்தினது அண்ணன் தேவபாலன். என் பேர முழுசாப் போடு."

ஜெனிட்டாவின் பேனா அசையவில்லை.

"எழுதும்மா," என்றேன்.