இடது பக்கத்துச் சீட்டு

இதில் ஒரு வார்த்தை பொய் என்றால், எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இன்றைக்கே சூப்பில் விழட்டும்.

இங்கிலாந்தில் லீக் என்கிற ஊரில் வருஷத்துக்குப் பதினோரு மாதம் மழை. மிச்ச மாதம் தூறல். அந்த ஊர் பப்பின் பின்னறையில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கூட்டம் சேரும். எல்லாம் தங்கள் கையாலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்கள். சட்டகமும் மேல் தகடும் ‘கிட்’ என்ற பெயரில் உதிரி உதிரியாகப் பெட்டியில் வந்து இறங்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஏதாவது பழைய காரைப் பிரித்து எடுத்தது. அந்தப் பழைய காருக்கு டோனர் என்று பெயர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் கார் கட்டுகிறவர் ஆர்டர் கொடுக்கும் முன் தன் பட்டியலை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் அதை நார் நாராகக் கிழிப்பார்கள்.

கிழிப்பதில் நாரிஸ் மன்னன். ஆறு கார் கட்டியவர். நூற்று நாற்பது கிலோ. அவர் உட்கார்ந்தால் பப்பின் தரை ஒரு அங்குலம் இறங்கும் என்பார்கள். நான் அரை அங்குலம் என்பேன்.

அந்த அக்டோபரில் பட்டியலோடு வந்தவர் டெரிக், நாரிஸின் நாற்பது வருஷச் சிநேகிதர். ஆறடி ஒட்டடைக்குச்சி. பார்வை சரியில்லை என்று வண்டி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். மனைவி பெரில்தான் தன் சின்னக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஸ்டியரிங்குக்கு மேலே பெரிலின் தொப்பி மட்டும்தான் தெரியும்.

நாரிஸ் பீர் வாங்கப் போன நேரத்தில், டெரிக் அவர் நாற்காலியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"ஏண்டா, பப் நாற்காலியையும் கழட்டிட்டுப் போகப்போறியா?" என்றார் பீரோடு திரும்பிய நாரிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். டெரிக் பட்டியலைப் பிரித்தார்.

"டோனர், ஆட்டோமேட்டிக் வண்டி."

"என்னது?"

"ஆட்டோமேட்டிக்."

"டேய், ஸ்போர்ட்ஸ் கார்டா அது. கியர் போடாம உள்ள உக்காந்து என்ன பண்ணுவ, ஸ்வெட்டர் பின்னுவியா?"

"பெடலை வழக்கத்தைவிட எட்டு அங்குலம் சீட்டுக்குக் கிட்ட வச்சு வெல்டிங் பண்ணச் சொல்லியிருக்கேன்."

"முழங்கால் தாடையில இடிக்கும். அளவைத் தப்பா எழுதிட்ட."

"சரியாத்தான் எழுதியிருக்கேன். அப்புறம், சட்டகம் ரெண்டு அளவுல வருது. நான் அகலமானது சொல்லியிருக்கேன்."

"எதுக்கு? நீ ஒரு குச்சி. பெரில் உன் கோட் பாக்கெட்டுல அடங்கிடுவாங்க. இடது சீட்டுல மாடு ஏத்தப்போறியா?"

பின்னறையே அதிர்ந்தது. டெரிக் மட்டும் சிரிக்கவில்லை.

நாரிஸுக்குச் சுருக்கென்றது. போன வாரம் கூட்டத்தில், "என் மேற்பார்வையில இவன் கட்டப்போறான்" என்று அவர்தான் பெருமை அடித்திருந்தார்.

"பட்டியலை மாத்து. மாத்தினா, சொன்னபடி ஞாயிறு ஞாயிறு வந்து கூட நிக்கிறேன். இல்லைன்னா எங்கேயும் என் பேரைச் சொல்லாதே."

"மாத்த முடியாது, நாரிஸ்."

"ஏன்னாவது சொல்லு."

"வண்டி முடியட்டும். சொல்றேன்."

டெரிக் பட்டியலை நாலாக மடித்து உள் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பப்புக்கு வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நாரிஸின் போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு மூன்று தடவையும் கவிழ்த்து வைத்தார். செவ்வாய்க்கிழமைகளில் அந்த மாட்டுக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் போல அதை யாராலும் சொல்ல முடியாது.

மார்ச்சில் போன் செய்தது பெரில்.

"ஈரல்ல கட்டி. செப்டம்பர்லயே டாக்டர் கெடு சொல்லிட்டார். நேத்து காலைல முடிஞ்சுபோச்சு."

செப்டம்பர். பட்டியல் வாசித்தது அக்டோபர். நாரிஸ் மனசுக்குள் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார். மாறவில்லை.

அடக்கம் முடிந்து, வீட்டில் எல்லோரும் டீயும் ஹாம் சாண்ட்விச்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெரில் அவரைக் கராஜுக்குக் கூட்டிப்போனார். நாலு ஸ்டாண்டின் மேல், சக்கரமில்லாமல் நின்றது வண்டி. பாதி வேலை அப்படியே கிடந்தது.

"எனக்குப் பெடல் நல்லா எட்டுது" என்றார் பெரில். "என் லைசென்ஸ் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தானே. அம்பது வயசுல எடுத்தேன். நீங்ககூட கேக் வாங்கிட்டு வந்தீங்க."

வந்திருந்தார். கேக் மேல் சின்னதாக ஒரு கார்கூட இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பெரில்."

"நானும் அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். சொன்னா பாவம் பார்த்து வருவான், சிநேகிதனா வரட்டும்னார். ஞாயித்துக்கிழமையானா கராஜ் கதவைத் திறந்தே வச்சிருப்பார், அந்தக் குளிர்லயும்."

நாரிஸ் வண்டிப் பக்கம் திரும்பினார். கையில் அகப்பட்டது வண்டியின் இடது சீட்டு. சரிந்து அதில் உட்கார்ந்தார்.

வாழ்நாளில் எந்த ஸ்போர்ட்ஸ் காரிலும், அவரே கட்டிய ஆறிலும்கூட, மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். இதில் எங்கேயும் இடிக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த கோட் மாதிரி இருந்தது.

"இன்ஜின் சத்தத்துல எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்குத் தெரியாதில்ல" என்றார் பெரில். "பக்கத்துல நீங்க இருந்து சொல்லுவீங்கன்னுதான், பப்புல உங்க நாற்காலியை அளந்துட்டு வந்தார்."

இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இந்த நூற்று நாற்பது கிலோவையும் தூக்கிக்கொண்டு நான் பெரிலின் கராஜுக்குக் கிளம்ப வேண்டும். இன்று ஞாயிறு, நாலு சக்கரமும் இன்னும் மாட்டவில்லை.