கூட வந்தவர் யாரும் இல்லை

போலீஸ்காரன் என் போட்டோவின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

பெயர் கேட்டான். மனப்பாடம் செய்திருந்த பெயரைச் சொன்னேன். பிறந்த தேதி கேட்டான். அதையும் சொன்னேன். அவன் காது கொடுத்ததாகவே தெரியவில்லை. நகம் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

அந்தப் பாஸ்போர்ட் யாரோ ஒருவனுடையது. போட்டோ மட்டும் என்னுடையது. கரையான்சாவடி ஏஜெண்ட் கலியமூர்த்தி ஒட்டிக் கொடுத்தது. நாலு சீட் தள்ளி நடைவழியோரம் உட்கார்ந்திருந்த செலினுடைய பாஸ்போர்ட்டும் அதே லட்சணம்தான்.

செலின் என் மனைவி. அந்தப் பெட்டியில் அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ரயில் நின்றிருந்தது செக்கோஸ்லோவாக்கியாவின் கடைசி ஸ்டேஷனில். இன்னும் பத்து நிமிஷம் ஓடினால் ஜெர்மனி. அங்கே போய் அடைக்கலம் கேட்டுவிட்டால் உடனே துரத்த மாட்டார்கள். இந்தப் பக்கம் மாட்டினால் ஜெயில், அப்புறம் ஊர். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது? அம்பத்தூரில் நான் டர்னராக இருந்த பட்டறையை 89-இல் மூடினார்கள். இரண்டு வருஷம் அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில் கொரட்டூர் வீட்டை விற்றுத்தான் கிளம்பினோம்.

“ஜோடியா போனா சந்தேகப்படுவான். தனித்தனியா குந்துங்க. ஒருத்தர் மாட்னா இன்னொருத்தர் பாட்டுக்குப் போய்க்கினே இருக்கணும்” என்று கலியமூர்த்தி தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

அதற்கு ஒத்திகை வேறு. ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் எலெக்ட்ரிக் ரயிலில், ஒரே பெட்டியில், ஆளுக்கொரு மூலையில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போவோம். ரயிலில் எங்களைப் பார்த்த கோயில் ஆட்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஃபாதரே வீட்டுக்கு வந்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லி ஒரு மணி நேரம் புத்தி சொன்னார். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டோம். உண்மையைச் சொல்ல முடியுமா?

அவர் படி இறங்கியதும் செலின் சிரித்தாள்.

“கட்ன பொண்டாட்டிய தெரியாத மாரி பாக்கறதுக்கு ஒரு ட்ரைனிங்கா? ஊட்ல தெனிக்கும் அதத்தானே பண்ணிகினு கீற.”

வாய்க்கொழுப்பு ஜாஸ்தி அவளுக்கு. ஆனால் பிராகில் இறங்கிய பிறகு இரண்டு நாளாக அவளும் வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷன் குழாயடியில் எதிரெதிரே வந்தபோது, யாரோ ஒரு அம்மாவுக்கு வழி விடுவதுபோல் ஒதுங்கி நின்றேன். அவளும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

போட்டோவின் ஒரு முனை எழும்பியது.

போலீஸ்காரன் நிமிர்ந்து, பெட்டியின் அந்தக் கோடியில் இருந்த இன்னொரு போலீஸ்காரனைக் கூப்பிட்டான். அவ்வளவுதான், தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தொப்பென்று சத்தம் கேட்டது.

செலின் நடைவழியில் விழுந்து கிடந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் முந்தானை சரிந்து, கண் செருகிக் கிடந்தாள். பக்கத்தில் இருந்த கிழவி கத்தினாள். போலீஸ்காரன் பாஸ்போர்ட்டை என் மடியில் போட்டுவிட்டு ஓடினான்.

எனக்கு வந்தது கோபம். பாவி, விழுவதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா? பிராகில் வாங்கிய காய்ந்த ரொட்டியைத் தொடாமல் இரண்டு நாளும் பட்டினி கிடந்திருப்பாள். இனி கீழே இறக்குவார்கள், பையைக் கிளறுவார்கள், பாஸ்போர்ட்டை எடுப்பார்கள். இவ்வளவு தூரம் வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அவள் அசையவில்லை.

இந்தப் பெண்ணுடன் வந்தவர் யாராவது உண்டா என்று போலீஸ்காரன் இங்கிலீஷில் கேட்டான்.

பெட்டி முழுக்க வெள்ளை முகங்கள். அத்தனையும் என் பக்கம் திரும்பின. எங்கள் நிறத்தில் அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

எழுந்திருக்க நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். நான் எழுந்தால் இரண்டு பேரும் இங்கேயே இறங்க வேண்டியதுதான். சீட்டுக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

“நோ” என்றேன்.

அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது. அவன் மறுபடியும் கேட்டான்.

“நோ சார். ஐ ஆம் அலோன்.”

ஒருவன் தோளையும் ஒருவன் காலையும் பிடித்து, அவளை என்னைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். காலுறைமேல் போட்டிருந்த செருப்பு ஒன்று கழன்று என் காலடியில் விழுந்தது. அதைக்கூட நான் எடுக்கவில்லை. எதிர்சீட்டுப் பெரியவர் குனிந்து எடுத்து, பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ரயில் ஏற்கெனவே தாமதம். விசில் ஊதினார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன. என்னிடம் யாரும் திரும்பி வரவில்லை.

பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். அவள்மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன்.

பிளாட்பாரத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கும் நடுவே செலின் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்த ஆளை வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, கலைந்திருந்த கொசுவத்தை நிதானமாக எடுத்துச் செருகினாள்.