கரடிக் காசு

“ஐயா, அந்தக் காசைக் குடுத்திராதீங்க! திருப்பிப் பாருங்க, முதலை இருக்கு!”

நீவெஸ் மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். பப்பாளி ஜூஸ் குடித்தவர் நாலு சோல் காசு கொடுத்துவிட்டு ஐந்தாவதை நீட்டியபோது, அவள் கணவர் ஃபவுஸ்தினோ குறுக்கே பாய்ந்து அவருடைய விரல்களை மடக்கி மூடிவிட்டார்.

“முதலை இருந்தா என்ன இப்போ?” என்றார் வந்தவர்.

“என்ன இப்போவா? நம்ம நாட்டு மிருகம் பத்து, அதுக்குப் பத்துக் காசு. அதுல ஒண்ணு தானா உங்க கைக்கு வந்திருக்கு! நாளைக்கே ஒரு ஆல்பம் வாங்குங்க. பிள்ளைங்க டிவி பக்கமே போகமாட்டாங்க. ஆனா ஒண்ணு, பளபளன்னு ஆகணும்னு எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுடாதீங்க, காசு செத்துப்போயிடும்.”

வந்தவர் முதலையைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

“என்னங்க, அது அந்த மனுஷன் எனக்குத் தரவேண்டிய காசு!”

“ஒரு சோல்தானே நீவெஸ்? புதுசா ஒரு ஆளைச் சேர்த்திருக்கோமே!”

“சேர்த்திருக்கோமா? உங்க பைத்தியத்துல என்னையும் ஏன் இழுக்கறீங்க?”

அதற்குள் ஃபவுஸ்தினோ ஆரஞ்சு மூட்டை எடுத்துவரக் கிளம்பிவிட்டார்.

கம்பளி ஆலையை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இதே கூத்துதான். பெரு நாட்டின் அரெகிபா சந்தையில் அவரிடம் மாட்டாதவர் இல்லை. பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், “உண்டியல்ல என்னென்ன காசு விழுது சாமி?” என்று பாதிரியாரையே குடைந்தவர். அவருடைய இந்த இரண்டாவது ஆல்பத்தில் ஒன்பது மிருகங்கள் வந்துவிட்டன. கரடிக்கான வட்டம் மட்டும் பதினோரு மாதமாகக் காலி. கடையில் விலைக்குக் கிடைக்கும்தான். வாங்கமாட்டார். “காசு குடுத்துக் காசு வாங்கறவன் வியாபாரி. சில்லறையில தானா வரணும்” என்பது அவர் சட்டம்.

பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி விற்கும் கசில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதே கசில்டா, வயிறு எரியுது. இன்னிக்கு இந்த முதலைக்காரரோட மூணு பேர்கிட்ட நஷ்டம்! மத்த ரெண்டு பேர் தூரத்துல எங்க வீட்டுக்காரர் தலையைப் பார்த்ததுமே எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. இப்படியே போனா மிக்ஸியில அந்த ஆல்பத்தைப் போட்டு அரைச்சுக் குடிக்க வேண்டியதுதான்.”

“கரடி வந்துட்டா ஆல்பம் நிறைஞ்சிடும்ல? போன வருஷம் முதல் ஆல்பம் நிறைஞ்சப்போ மூணு வாரம் அண்ணன் கடைப்பக்கமே வரலையே!”

“ஆமா. அந்த மூணு வாரமும் கடையில ஒரு சத்தம் கிடையாது” என்று நீவெஸ் அன்னாசியை ஓங்கி வெட்டினாள்.

“பேசாம ஒரு கரடியை நீயே வாங்கிக் கல்லாவுல போட்டுடேன்.”

“எனக்கு வேற வேலை இல்லை பாரு.”

கசில்டாவுக்கு ஆள் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க ஓடிவந்தான் பஸ் கண்டக்டர் வில்மர். போன வாரம் ஃபவுஸ்தினோவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றதில் பஸ் அவனை விட்டுவிட்டே போய்விட்டது.

“மறுபடியும் பஸ்ஸை விடறதுக்கா வந்தே?”

“எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுக்கா! அண்ணன் எங்கே? காலையில ஒரு கிழவர் டிக்கெட்டுக்குக் குடுத்தார், இதைப் பாருங்க!”

உள்ளங்கையைத் திறந்தான். கரடி.

நீவெஸ் சட்டென்று கையை நீட்டினாள். “குடு.”

“என் கையாலேயே அவருக்கு...”

“அடுத்த வாரம் அவர் பிறந்தநாள். நானே குடுக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே, என்ன?”

காசு ஏப்ரனுக்குள் போனது. ஒரு பெரிய தம்ளர் அன்னாசி ஜூஸ் அவன் கைக்கு வந்தது. குடித்து முடித்து வழக்கம்போலத் தம்ளரை நீட்டினான். மிக்ஸியில் மிச்சமிருப்பதை இனாமாக ஊற்றுவதுதான் யாப்பா; அது இல்லாமல் அந்தச் சந்தையில் எவனும் எழுந்து போகமாட்டான். அதிலும் பாதிதான் ஊற்றுகிற நீவெஸ், அன்றைக்கு அவனுக்கு இரண்டு தடவை யாப்பா ஊற்றினாள்.

“அக்கா, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“வாயை மூடிட்டு ஓடு. பஸ் போயிடப்போகுது.”

அவன் போன கொஞ்ச நேரத்தில் ஃபவுஸ்தினோ மூட்டையோடு வந்தார். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

“மூட்டை தூக்கறவங்க ரெண்டு பேரைச் சேர்த்துட்டேன்! சரி, கல்லாவுல ஏதாவது வந்துச்சா?”

“ஒண்ணும் வரலை.”

ஒரு கணம் அவர் முகம் வாடியது. மறுகணமே நிமிர்ந்தார். “போகட்டும். மீன் கடைக்காரங்ககிட்ட நான் இன்னும் பேசலை. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே என்னை எழுப்பிவிட்டுடு. ஐம்பது கடை இருக்கு, ஒரு கரடிகூடவா இருக்காது?”

“போங்க, போய் அவங்க பொழைப்பையும் கெடுங்க!” என்று எரிந்து விழுந்தாள் நீவெஸ்.

அவர் சீட்டியடித்தபடி அடுத்த ஆளைப் பிடிக்க நகர்ந்ததும், அவள் குனிந்து, மேடைக்கு அடியில் இருந்த பழைய மாவு டப்பாவைத் திறந்து கரடியை உள்ளே போட்டாள். அது ஏற்கெனவே அங்கே கிடந்த பதினோரு கரடிகளின் மேல் போய் விழுந்தது. முதல் ஆல்பம் நிறைந்த மறுநாளிலிருந்து மூன்று வாரம், சோறு தண்ணி இல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்த அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.