மணிக்கட்டின் உட்புறம்

“பாரபென் இல்லை, கமா.”

“மேல.”

“செயற்கை நிறம் இல்லை, கமா.”

“பரவாயில்லையே. மனசாட்சி உள்ள ஆள்தான் தயாரிச்சிருக்கான். மேல படிங்க.”

அவள் சிவப்புப் பென்சிலால் இரண்டு வரிகளுக்கும் டிக் போட்டாள்.

லேபிள் அச்சகத்தின் மெய்ப்பு அறை அது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு, சுவரின் உச்சியில் மூடி போட்ட ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். வெளியே ஓடும் இயந்திரங்களின் இரைச்சலில் அதன் சத்தம்கூடக் கேட்காது.

மூலப்பிரதியை அவன் உரக்கப் படிப்பான். அச்சாகி வந்த மாதிரித் தாளில் அவள் வரி வரியாகச் சரிபார்ப்பாள். காற்புள்ளியைக்கூட விடாமல் வாய்விட்டுச் சொல்வதால் அச்சகம் முழுக்க அவனுக்குக் கமா என்றே பெயர். அவளுக்குப் பூதக்கண்ணாடி.

தாளின் தலைப்பகுதியை மடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஷாம்பூ என்று தெரிந்துவிட்டால் கண் படிக்காது, தானாக இட்டுக்கட்டிக்கொள்ளும். கடைசி டிக் விழுந்த பிறகே மடிப்பைப் பிரித்துப் பெயரைப் பார்ப்பார்கள்.

அவள் தோல் ஒரு தனி ராஜ்யம். சோப்போ பிஸ்கட்டோ, பின்பக்கம் படிக்காமல் எதுவும் வீட்டு வாசலைத் தாண்டாது. அவள் தலை தெரிந்தாலே கடைக்காரர் பாக்கெட்டுகளைத் திருப்பி வைத்துவிடுவார். புதிதாக எது வந்தாலும் முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் பேனாவால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சொட்டு, ஒரு நாள் காத்திருப்பு. சிவக்காவிட்டால்தான் அனுமதி.

இரண்டு வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் நாள், அவன் நடமாடும் வாசனைக் கடையாக வந்து எதிரே உட்கார்ந்தான். அவள் பதினொரு முறை தும்மினாள். கழுத்தெல்லாம் தடிப்பு. மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த வாரமே ஃபேன் வந்து சுவரில் ஏறியது. அத்தோடு அறை தண்ணீரைப் போலத் தெளிந்துவிட்டது. மேனேஜருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதினாள்.

இன்று இருவருக்கும் இந்த அறையில் கடைசி நாள். திங்கள்கிழமை முதல் ஒப்பிடும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். அவளுக்கு இரண்டாம் மாடி. அவனுக்கு ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளை.

காலையிலிருந்து அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அவள் மட்டும் என்றுமில்லாத நிதானத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். தாள் தீர்ந்தால் நாளும் தீர்ந்துவிடும்.

“பவுடர் இல்லை, கமா. ஷேவிங் லோஷன் இல்லை, கமா. ஹேர் க்ரீம் நிறுத்தப்பட்டது, கமா.”

டிக். டிக். டிக்.

ஒன்பது வருடப் பழக்கம். எழுத்தைப் பார்க்கிறவளுக்கு அர்த்தம் இரண்டு வரி தாமதமாகத்தான் வந்து சேரும்.

“நிறுத்தப்பட்டதா? லேபிள்ல அப்படியெல்லாம் யாரு போடுவா?”

“தாள்ல இருக்கா இல்லையா, மேடம்?”

இருந்தது. புள்ளி பிசகாமல் இருந்தது.

“இருக்கு. மேல.”

“துணி அலசும்போது ஊற்றும் வாசனைத் திரவம் நிறுத்தப்பட்டது, கமா, அதற்காக அம்மாவுடன் மூன்று நாள் சண்டை, கமா.”

பென்சில் பாதி டிக்கில் நின்றது.

“உங்க குரல் ஏன் நடுங்குது, கமா சார்?”

“மூலப்பிரதி அப்படி, மேடம். நடுவுல பேசினா வரி விட்டுப்போகும்.” அவன் அடுத்த வரிக்குப் போனான். “குறிப்பு. இந்த அறையின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இன்றுவரை மின் இணைப்பு கொடுக்கப்படவில்லை.”

வெளியே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இந்தத் தாளை அச்சுக்கோத்துக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது அந்த அமைதி.

அந்த அமைதியில் ஃபேனின் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஃபேனிலிருந்து இறங்கிய கறுப்பு வயர் பாதிச் சுவர்வரை வந்து, எதிலும் சேராமல், சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜருக்கு எழுதிய நன்றிக் கடிதம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், மூக்கு வழியாக வெளியேறியது.

வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் சட்டத்தைத் தானே மீறி மடிப்பைப் பிரித்தாள்.

பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் யாரும் பயன்படுத்தாத அவன் முழுப்பெயர். அதன் கீழே பொடி எழுத்தில்: ‘எதிர் நாற்காலியில் மட்டும் கிடைக்கும்.’

“இன்னும் ஒரு வரி பாக்கி, மேடம். பேரை அதுக்கப்புறம்தான் பாக்கணும். நீங்க போட்ட சட்டம்.” அவன் காது இரண்டும் பென்சில் நிறத்துக்கு வந்திருந்தன.

“சரி, படிங்க.”

தாளைக் கீழே வைத்துவிட்டு, பார்க்காமலே சொன்னான்.

“எச்சரிக்கை. பயன்படுத்தும் முன் மணிக்கட்டின் உட்புறத்தில் சோதித்துப் பார்க்கவும்.”

இந்த முறை கமா சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். மூடி கை தவறி மேசையில் உருண்டு அவள் பக்கம் போய் நின்றது.

“கையைக் கொஞ்சம் நீட்டுறீங்களா?”