ராத்திரி பகலா அடிச்ச ரிப்போர்ட்

"நாப்பது பக்கம் மேடம்! சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ராத்திரி பகலா உட்கார்ந்து அடிச்சேன். இவன் வச்ச சிங்க் எல்லாத்தையும் முழுங்கி ஏப்பம் விட்டுடுச்சு!"

திங்கட்கிழமை காலை. லிஃப்ட் கம்பெனி முதலாளியம்மாவின் அறையில் மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் நுழைந்தவரை நேராக உள்ளே கூப்பிட்டுவிட்டதால், லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட அவருக்கு நேரமில்லை. ஆபீசில் அவருக்குச் 'சமாளிப்பு' என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் சார்.

எதிரே கையைக் கட்டிக்கொண்டு சிஸ்டம்காரன். எட்டு மாதம் வேலை இல்லாமல் மச்சான் வீட்டில் சாப்பாட்டோடு பேச்சும் வாங்கிக்கொண்டிருந்தவன். இங்கே சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க," என்றார் முதலாளியம்மா. "பதினாலு லிஃப்டுக்கு அஞ்சு வருஷப் பராமரிப்பு. ரிப்போர்ட் இல்லாம டீயை மட்டும் குடுத்து அனுப்பறதா?"

"அதைத்தான் மேடம் நானும் இவனைக் கேக்கறேன்!"

"சார், சிங்க் போட்ட ஃபோல்டர்ல நீங்க எதைச் சேவ் பண்ணாலும், நெட் கிடைச்ச உடனே ஆபீஸ் சர்வருக்கு வந்துடும். தானா காணாமப் போகாது."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

ஆமாம் என்று சொல்லச் சிஸ்டம்காரனுக்கு நாக்கு துறுதுறுத்தது. மச்சான் முகம் ஞாபகம் வந்ததால் அடக்கிக்கொண்டான்.

"சர்வருக்கு வரலைன்னா லேப்டாப்ல இருக்குமே?" என்றார் முதலாளியம்மா.

"அங்கதான் மேடம் கொடுமையே! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு இவன்தானே வச்சிருக்கான்? சர்வர்ல அழிஞ்ச உடனே லேப்டாப்லயும் அழிஞ்சிடுச்சு. நேத்து ராத்திரி, என் கண்ணு முன்னாடி! என் சம்சாரம் சாட்சி!"

அட பாவி மனுஷா! ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் என்று போன மாதம் மெனக்கெட்டு வகுப்பெடுத்தவனே சிஸ்டம்காரன்தான். அன்றைக்கு முழுக்கக் குறட்டை விட்ட ஆள், தனக்கு வேண்டியதை மட்டும் எப்படிப் பிடித்துவைத்திருக்கிறார் பாருங்கள்!

"ஏம்ப்பா, அப்படி நடக்குமா?"

"நடக்கும் மேடம்... ஆனா யாராவது அழிச்சாத்தான்..."

"ஆனாவாம் ஆவன்னாவாம்! இவனை இன்னிக்கே அனுப்பிடுங்க மேடம்!"

முதலாளியம்மா சிஸ்டம்காரனைப் பார்த்தார். "சர்வரைத் திறந்து தேடு. ரிப்போர்ட் இல்லைன்னா உனக்கு இங்க இன்னிக்குக் கடைசி நாள்."

அவன் தன் லேப்டாப்பை மேசையில் வைத்துத் தேடினான். சட்டென்று நிமிர்ந்தான்.

"மேடம், இருக்கு! சாரோட லேப்டாப்லேருந்துதான் வந்திருக்கு. நேத்து சாயங்காலம் ஆறு பத்துக்கு. முப்பத்திரெண்டு பக்கம்!"

போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது. மேனேஜரோ திருதிருவென்று முழித்தார். ஒரே ஒரு விநாடிதான். சமாளிப்பு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

"பாத்தீங்களா மேடம், இதேதான்! இவ்வளவு நேரம் இவன் எங்கேயோ ஒளிச்சு வச்சிருந்திருக்கான்!"

"நாப்பது பக்கம்னீங்க?"

"ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன் மேடம். அடிக்கிறப்போ யாரு எண்ணிக்கிட்டிருப்பா?"

முதலாளியம்மா திரையைத் தன் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு லிஃப்டுக்கும் பழுதுப் பட்டியல், உதிரிபாகம் வந்து சேர எத்தனை நாள், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் மெக்கானிக் வர எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் பக்காவாக இருந்தது.

"நல்லா வந்திருக்கு. எல்லாமே நீங்க எழுதினதா?"

"ஒரு எழுத்து விடாம நானே மேடம்! சம்சாரம் சாப்பிடக் கூப்பிட்டப்போகூட எழுந்திருக்கலை. மடியில வச்சு அடிச்சு அடிச்சு தொடையே வெந்துபோச்சு!" மேனேஜர் தோளில் தொங்கிய பையை வாஞ்சையோடு தட்டினார்.

முதலாளியம்மா டிராயரைத் திறந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில், மேனேஜர் தன் கைப்பட எழுதி ஒட்டிய பாஸ்வேர்டு.

"வெள்ளிக்கிழமை என் மெஷின் படுத்துடுச்சு. நீங்க டீ குடிக்கப் போயிருந்தப்போ உங்க பையிலேருந்து இதை எடுத்துக்கிட்டேன். சொல்லலாம்னு ரெண்டு நாளா கூப்பிடறேன், நீங்க போனையே எடுக்கலை. வேற வழியில்லாம ரிப்போர்ட்டை நானே உட்கார்ந்து அடிச்சேன்," என்ற முதலாளியம்மா, அவர் தோளில் இருந்த பையைக் காட்டிக் கேட்டார்: "தொடையை வேக வச்சது எது?"